ஞானஸ்நானம் மறுக்கப்பட்ட பெண்ணும் இருட்டறைச் சிறுவனும்: திருச்சி சுவார்ட்ஸ் ஐயரை மன்னித்த இருவரின் கதை

திருச்சியில் தஞ்சாவூர் பஸ் ஏறினால் பால்பண்ணை, அரியமங்கலம் தாண்டி திருவெறும்பூர் வரும். வலதும் இடதும் பார்த்துக்கொண்டு வந்தால் எறும்பீஸ்வரர் கோயில் இருக்கும் அந்தச் சின்னக் குன்று கண்ணில் படும். எறும்பு உருவில் வந்து சிவனை வழிபட்ட கதை எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத இன்னொரு கதையும் அந்தக் குன்றுக்கு உண்டு. 1750-களில் கர்நாடகப் போர் நடந்தபோது பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் அதை மாறி மாறிப் பிடித்துப் பீரங்கி ஏற்றின. ஆங்கிலேயர் எழுதிய போர் வரலாறுகளில் வரும் 'எல்மிசெரம்' நம்ம திருவெறும்பூர்தான்.

அந்தப் போரின் புகை அடங்கியும் அடங்காமலும் இருந்த நேரத்தில், திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே இந்தப் பக்கமாகப் பல வருஷம் போய் வந்துகொண்டிருந்தவர் ஒரு ஜெர்மானியர். பெயர் கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் சுவார்ட்ஸ். மக்கள் வாயில் 'சுவார்ட்ஸ் ஐயர்'. திருச்சியிலும் தஞ்சையிலும் பள்ளி, தேவாலயம் என்று அவர் பெயர் சொல்லும் இடங்கள் இன்றும் உண்டு. தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னரின் குரு என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி வரும். அதோடு முடிந்துவிடும்.

பாவமன்னிப்பைப் பற்றி 48 வருஷம் தமிழ்நாட்டில் பிரசங்கம் செய்தவர் இவர். ஆனால் இவருடைய வாழ்க்கையில் இரண்டு இடங்களில், இவர் எடுத்த முடிவாலேயே இரண்டு பேர் பெரிய வலியை அனுபவித்தார்கள். ஒருவர் கணவனை இழந்த பிராமணப் பெண். இன்னொருவர் பத்து வயதுச் சிறுவன். அந்த இரண்டு பேரும் பிறகு இவரிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதுதான் இந்தக் கதையில் முக்கியமான விஷயம். வாங்க, முதலில் இருந்து பார்க்கலாம்.

யார் இந்த சுவார்ட்ஸ்?

1726-ம் ஆண்டு அக்டோபரில், அன்றைய பிரஷ்ய நாட்டின் சோனன்பர்க் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். சாகும் நேரத்தில் மகனைக் கடவுள் பணிக்கு நேர்ந்துவிட்டுப் போனார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் எல்லாமே சொல்கின்றன.

ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தார். தரங்கம்பாடியிலும் சென்னையிலும் வேலை செய்து ஊர் திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்ஸ் என்ற மிஷனரி அப்போது ஹாலேயில் தமிழ் பைபிள் அச்சிடும் வேலையில் இருந்தார். அதில் உதவி செய்வதற்காகத்தான் சுவார்ட்ஸ் தமிழ் படிக்க ஆரம்பித்தார். அச்சு வேலைக்காகக் கற்ற மொழி, கடைசியில் ஆளையே இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. 1749-ல் கோபன்ஹேகனில் குருப்பட்டம். 1750-ல் கடலூரில் வந்து இறங்கி, டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடிக்குப் போனார். அதற்குப் பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போகவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

1762-ல் திருச்சிக்கு வந்தார். மலைக்கோட்டையைச் சுற்றி ஊர், ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவர், உள்ளே ஆங்கிலப் படை, ஆற்காட்டு நவாபின் ஆட்கள் என்று இருந்த திருச்சி அது. பழைய கட்டிடம் ஒன்றில் ஒரே ஒரு அறை. கட்டில் போட்டால் ஆள் நிற்க இடம் இருக்கும், அவ்வளவுதான். சோறும் காய்கறியும் சாப்பாடு. வெள்ளைத் துணி வாங்கிக் கறுப்புச் சாயம் தோய்த்துத் தைத்த அங்கி. இதையெல்லாம் அவரோடு பழகிய ஆங்கிலேயர்களே வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்ததில் சிப்பாய்கள் பலர் இறந்துபோக, அநாதையான அவர்களுடைய குழந்தைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். 1766-ல் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் கிறிஸ்து ஆலயம் எழுந்தது. இன்றும் இருக்கிறது. படைவீரர்களுக்குப் போதகராக இருந்ததற்குச் சென்னை அரசு வருஷத்துக்கு 100 பவுண்டு கொடுத்தது. அதில் பாதி அப்படியே மிஷன் செலவுக்குப் போனது. தமிழோடு மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி, போர்த்துக்கீசியம் என்று மொழிகளும் சேர்ந்துகொண்டே போயின.

சரி, இவ்வளவு நல்ல மனிதர். அப்புறம் எங்கே சிக்கல்?

கிளாரிந்தாவுக்கு ஏன் ஞானஸ்நானம் மறுத்தார்?

தஞ்சாவூரில் மராத்தி பேசும் பிராமணக் குடும்பத்துப் பெண் ஒருவர் இளம் வயதிலேயே கணவனை இழந்தார். சிதையில் ஏற்றப்பட இருந்த அவரை லிட்டில்டன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி காப்பாற்றினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பிறகு அந்தப் பெண் அவரோடு வாழ்ந்தார். திருமணம் நடக்கவில்லை.

அந்தப் பெண்ணின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிறந்த வீட்டில் இனி இடம் இல்லை. சாதி கைவிட்டாச்சு. ஆங்கிலேயர் நடுவிலும் மனைவி என்ற பெயர் கிடையாது. அவருக்கு ஆங்கிலம் கற்றுக் கொடுத்ததும், கிறிஸ்தவத்தைச் சொல்லிக் கொடுத்ததும் அதே லிட்டில்டன்தான். அதைக் கேட்டுத்தான் அவர் சுவார்ட்ஸிடம் போய் ஞானஸ்நானம் கேட்டார்.

சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். தாலி கட்டாத உறவில் இருக்கும்வரை முடியாது என்பதுதான் காரணம்.

இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை. சுவார்ட்ஸ் படித்த ஹாலே, 'பயட்டிசம்' எனப்படும் பக்தி இயக்கத்தின் தலைமையிடம். லூத்தரன் திருச்சபையில் பிறந்த இயக்கம் இது. மன்னிப்பு என்பது மனிதன் சம்பாதித்து வாங்குவது கிடையாது, கடவுள் சும்மா கொடுப்பது என்பது லூத்தரன் போதனை. ஹாலேகாரர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். கூடவே, மன்னிக்கப்பட்டவரின் வாழ்க்கை வெளியே தெரியும்படி மாறியிருக்க வேண்டும் என்பதிலும் மிகக் கறாராக இருந்தார்கள். சுவார்ட்ஸின் கணக்குப்படி, பழைய வாழ்க்கை அப்படியே இருக்கும்போது ஞானஸ்நானம் கொடுத்தால் அது வெறும் சடங்கு.

கொள்கை சரி. ஆனால் நடந்தது என்ன? அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆதரவு லிட்டில்டன். அந்த ஆதரவை விட்டுவிட்டு வந்தால்தான் கதவு திறக்கும் என்று சொன்னது போல ஆகிவிட்டது. கல்யாணம் செய்து வைத்துவிட்டு ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். அது ஏன் நடக்கவில்லை என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஒன்று மட்டும் தெளிவு: மறுப்பின் பாரம் முழுக்க அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுந்தது. லிட்டில்டனை யாரும் எந்தத் தேவாலயத்து வாசலிலும் நிறுத்தவில்லை.

பாளையங்கோட்டையில் என்ன நடந்தது?

லிட்டில்டனுக்குப் பாளையங்கோட்டைக்கு மாற்றல் வந்தது. அந்தப் பெண்ணும் கூடப் போனார். சில காலத்தில் லிட்டில்டன் இறந்துபோனார். இரண்டாவது முறையாக அவர் தனியாக நின்றார்.

இந்த இடத்தில் அவர் மனம் கசந்து போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. தன்னைத் திருப்பி அனுப்பிய பாதிரியாரையும், அவர் சொன்ன மதத்தையும் சேர்த்தே தலைமுழுகியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பாளையங்கோட்டையில் தன்னைச் சுற்றி இருந்த சிலருக்குத் தான் கற்றதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1778-ல் சுவார்ட்ஸ் அங்கே வந்தபோது, மறுபடியும் போய் அதே கேள்வியைக் கேட்டார்.

இந்த முறை சுவார்ட்ஸ் சம்மதித்தார். 'கிளாரிந்தா' என்ற பெயரில் ஞானஸ்நானம் நடந்தது.

1780-ல் பாளையங்கோட்டை சபையின் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். முதல் பெயர் கிளாரிந்தா. அதாவது, ஒரு காலத்தில் உள்ளே வரக் கூடாது என்று சொல்லப்பட்டவர் பெயரில் இருந்துதான் அந்தச் சபையின் வரலாறே ஆரம்பிக்கிறது. தன் சொந்தப் பணத்தைப் போட்டு, ஆங்கில அதிகாரிகளிடமும் உதவி வாங்கி, ஒரு தேவாலயம் கட்டினார். 1785-ல் அதை அர்ப்பணம் செய்து வைக்க வந்தவர் வேறு யாரும் இல்லை, அதே சுவார்ட்ஸ். ஊர்க்காரர்கள் அந்தத் தேவாலயத்தைப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றார்கள். இன்னும் அந்தப் பெயர் வழக்கில் இருக்கிறது.

சுவார்ட்ஸை மன்னித்துவிட்டேன் என்று கிளாரிந்தா எழுதிய கடிதம் எதுவும் நம் கையில் இல்லை. அவர் என்ன நினைத்தார் என்பதை அவருடைய செயல்களை வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. கதவைச் சாத்தியவரையே கூப்பிட்டு, தான் கட்டிய வீட்டின் கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

சுவார்ட்ஸும் சும்மா இருக்கவில்லை. அந்தச் சபையைப் பார்த்துக்கொள்ளச் சத்தியநாதன் என்ற தமிழ் உபதேசியாரை அனுப்பினார். சத்தியநாதன் 1790-ல் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்றார். 1785 பயணத்தில் இன்னொரு முக்கியமான விஷயமும் நடந்தது. பாளையங்கோட்டையில் பார்த்த கெட்டிக்காரச் சிறுவன் ஒருவனை சுவார்ட்ஸ் தன்னோடு தஞ்சைக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். அவர்தான் பின்னாளில் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதிய வேதநாயக சாஸ்திரியார்.

கிளாரிந்தாவின் கதையை வைத்து அ.மாதவையா 1915-ல் ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார். தமிழிலும் அது வந்திருக்கிறது. நெல்லைப் பக்கம் கிளாரிந்தா பெயர் சொன்னால் தெரியாதவர்கள் குறைவு. திருச்சி, தஞ்சைப் பக்கம்தான் அவரை மறந்துவிட்டோம். இத்தனைக்கும் அவர் தஞ்சாவூர்ப் பெண்.

ஹைதர் அலியிடம் தூது போனவர்

இரண்டாவது கதைக்குப் போவதற்கு முன், அரசியலில் சுவார்ட்ஸுக்கு இருந்த செல்வாக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒரு மன்னர் ஏன் தன் வாரிசை ஒரு பாதிரியார் கையில் ஒப்படைத்தார் என்பது புரியாது.

1778-ல் சுவார்ட்ஸ் தஞ்சாவூரிலேயே தங்க ஆரம்பித்தார். அடுத்த வருஷமே சென்னை ஆளுநர் ரம்போல்டு அவரை மைசூர் ஹைதர் அலியிடம் சமாதானத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் அனுப்பினார். ஹைதர் வழிச்செலவுக்கு என்று 300 ரூபாய் கொடுத்தார். அது தனக்கு வேண்டாம் என்று சுவார்ட்ஸ் சென்னை அரசிடம் நீட்ட, அரசு வாங்க மறுக்க, கடைசியில் அது தஞ்சாவூர் அநாதைப் பள்ளிக்கு முதலாக ஆனது.

தூது பலிக்கவில்லை. 1780-ல் போர் வெடித்தது. ஹைதரின் குதிரைப்படை காவிரிக்கரையை நாசம் செய்தது. அந்த நேரத்திலும் சுவார்ட்ஸை மட்டும் தடுக்க வேண்டாம், தொட வேண்டாம் என்று ஹைதர் தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டிருந்தார்.

தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தது. ஆனால் விவசாயிகள் கொண்டுவர மறுத்தார்கள். ஏற்கெனவே கொடுத்த நெல்லுக்கும் மாட்டுக்கும் காசு வராமல் ஏமாந்தவர்கள் அவர்கள். மன்னர் சொன்னாலும் நம்பவில்லை, ஆங்கிலேயர் சொன்னாலும் நம்பவில்லை. சுவார்ட்ஸ் பொறுப்பேற்றுச் சொன்ன பிறகுதான் மாடுகள் வந்தன, நெல் வந்தது. ஒவ்வொருவருக்கும் காசு எண்ணிக் கொடுத்து அனுப்பினார். இந்த ஒரு சம்பவம் போதும் அவர் எப்படிப்பட்ட பெயர் எடுத்திருந்தார் என்பதைச் சொல்ல.

அப்போது தஞ்சையை ஆண்டவர் துளஜாஜி. 1773-ல் ஆற்காட்டு நவாபிடம் நாட்டைப் பறிகொடுத்து, 1776-ல் திரும்பப் பெற்றவர். அடுத்தடுத்து வாரிசுகளை இழந்து, உடலும் மனமும் உடைந்து போயிருந்தார்.

சரபோஜி விஷயத்தில் சுவார்ட்ஸ் செய்த தவறு என்ன?

1787 ஜனவரியில் துளஜாஜி தன் உறவுக்காரச் சிறுவன் ஒருவனைத் தத்து எடுத்தார். அவர்தான் சரபோஜி. வயது பத்துகூட நிரம்பவில்லை. சாகும் தறுவாயில் இருந்த மன்னர் சுவார்ட்ஸை வரவழைத்து, பையனை அவரிடமே ஒப்படைக்க விரும்பினார்.

சுவார்ட்ஸ் தயங்கினார். அரண்மனைக்குள் ஒரு பாதிரியார் எப்படிக் காவல் இருக்க முடியும்? பையனின் உயிருக்கே ஆபத்து வரலாம், ராஜ்யத்தில் குழப்பம் வரலாம் என்று பயந்தார். மன்னரின் தம்பி அமர்சிங் கையில் பொறுப்பைக் கொடுத்தால் குடும்பத்துக்குள்ளேயே விஷயம் முடியும் என்று ஆலோசனை சொன்னார். மன்னரும் ஏற்றுக்கொண்டார். சில நாட்களில் துளஜாஜி இறந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊகித்திருப்பீர்கள். அமர்சிங் பொறுப்பாளராக மட்டும் இருக்கத் தயாராக இல்லை. தத்து எடுத்தது செல்லாது என்றார். கம்பெனி அரசு பண்டிதர்களைக் கூட்டிக் கருத்து கேட்டது. செல்லாது என்று பதில் வந்தது. அமர்சிங் தஞ்சை மன்னர் ஆனார்.

சரபோஜியோ அரண்மனைக்குள்ளேயே கைதி மாதிரி ஆனார். வெளிச்சம் வராத அறை. படிப்பு கிடையாது. வெளியே நடமாட்டம் கிடையாது. மறைந்த மன்னரின் ராணிகளும் அவமானப்படுத்தப்பட்டார்கள். பத்து வயதில் இளவரசன் என்று நாற்காலியில் உட்கார வைக்கப்பட்ட பையன், கொஞ்ச நாளிலேயே விளக்கு வெளிச்சத்தில் நாள் கழிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

இதை அமர்சிங்கின் குற்றம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அமர்சிங்கின் கையில் பையனைக் கொடுக்கச் சொன்னது யார்? கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உண்மைதான். ஆனாலும் அந்த ஆலோசனையின் விலையைக் கொடுத்தது சரபோஜி.

எப்படிச் சரிசெய்தார்?

இந்த இடத்தில்தான் சுவார்ட்ஸின் கடைசிப் பத்து வருஷங்கள் கவனிக்க வேண்டியவை. அறுபது வயதைத் தாண்டிய மனிதர். பிரார்த்தனை செய்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அவர் மனு மேல் மனுவாக எழுத ஆரம்பித்தார். பையனை நேரில் போய்ப் பார்த்தார். காவலுக்குச் சிப்பாய்களை ஏற்பாடு செய்ய வைத்தார். ஆசிரியர் வேண்டும் என்று சண்டை போட்டார்.

1793-ல் சரபோஜியையும் ராணிகளையும் தஞ்சாவூரில் இருந்து சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே கெரிக்கே என்ற இன்னொரு மிஷனரியின் மேற்பார்வையில் படிப்பு தொடர்ந்தது. மறுபுறம், தத்து விஷயத்தில் முன்பு சொன்ன தீர்ப்பை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று கம்பெனியை விடாமல் நச்சரித்தார். ஒரு கட்டத்தில் பண்டிதர்களின் புதிய கருத்துகள் வாங்கப்பட்டன. தத்து செல்லும் என்ற பக்கம் தராசு சாய்ந்தது.

1798 ஜூன் கடைசியில் சரபோஜி அரியணை ஏறினார். சுவார்ட்ஸ் அதைப் பார்க்கவில்லை. அந்த வருஷம் பிப்ரவரி 13-ம் தேதியே, 71 வயதில், தஞ்சாவூரில் இறந்துவிட்டார்.

சாவதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே காலில் புண், மூச்சுத்திணறல் என்று படுக்கையில் கிடந்தார். சரபோஜி தேடி வந்து பார்த்தார். அவருடைய தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார் சுவார்ட்ஸ். இறந்த அன்று பெட்டியை மூடுவதற்கு முன் சரபோஜி வந்து உடலைப் பார்த்து அழுதார், கல்லறை வரை கூடவே போனார் என்று கூட இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்து அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவ அடக்கத்தில் அப்படி நிற்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமா என்ன?

மன்னித்தவர் கிறிஸ்தவர் ஆனாரா?

இல்லை. இது முக்கியம். சரபோஜி கடைசிவரை சைவ வழிபாட்டை விடவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் தன் போன்ஸ்லே வம்சத்தின் வரலாற்றையே கல்வெட்டாக வெட்டி வைத்தவர் அவர். சுவார்ட்ஸுக்கு அவரைக் கிறிஸ்தவராக்கும் ஆசை இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. சரபோஜி ஒத்துக்கொள்ளவும் இல்லை, அதற்காக உறவை முறிக்கவும் இல்லை.

இருட்டறையில் இருந்து வந்த பையன் என்ன ஆனார் என்பது தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சரஸ்வதி மகால் நூலகத்தை இன்று நாம் பார்க்கும் அளவுக்கு வளர்த்தவர் அவர். நவவித்யா கலாநிதி என்ற பள்ளி, தேவநாகரி எழுத்தோடு ஒரு அச்சகம், தன்வந்திரி மகாலில் மருத்துவ ஆராய்ச்சி, கண் நோயாளிகளின் படங்களோடு சிகிச்சைக் குறிப்பேடுகள். ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரத்தில் சாப்பாடும் படிப்பும். படிக்கக் கூடாது என்று அடைத்து வைக்கப்பட்ட ஒருவர், அதிகாரம் கைக்கு வந்ததும் முதலில் செய்தது அடுத்தவர்களைப் படிக்க வைத்தது. ஏழைக் கிறிஸ்தவக் குழந்தைகளைப் பராமரிக்கவும் தன் செலவில் ஏற்பாடு செய்தார்.

அமர்சிங் என்ன ஆனார்? பதவி போன பிறகு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு திருவிடைமருதூரில் வாழ்ந்து 1802-ல் இறந்தார். அது கம்பெனி செய்த ஏற்பாடு என்பதால், அதைச் சரபோஜியின் மன்னிப்புக் கணக்கில் எழுத வேண்டாம்.

சுவார்ட்ஸ் விஷயம் வேறு. அவருக்கு நினைவுச்சின்னம் வைக்கச் சொல்லி சரபோஜியை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. லண்டனில் அன்றைக்குப் பேர்போன சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மனிடம் அவர்தான் பளிங்குச் சிற்பம் செய்யச் சொன்னார். கல்லறைக்கு ஆங்கிலத்தில் கவிதையும் அவரே எழுதினார்.

விமர்சனங்கள் இல்லையா?

இருக்கின்றன. சுவார்ட்ஸின் நல்ல பெயர் கம்பெனிக்கு நன்றாகவே பயன்பட்டது. சரபோஜி அரியணை ஏறிய அடுத்த வருஷமே, 1799-ல், தஞ்சை நாட்டின் நிர்வாகம் முழுவதும் ஒப்பந்தம் மூலமாகக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும் பென்ஷனும்தான். சிறுவனுக்கு நியாயம் கிடைத்தது, நாடு போனது. சுவார்ட்ஸ் இதற்குத் திட்டம் போட்டார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அவர் போட்ட மனுக்கள் போய்ச் சேர்ந்த மேஜை கம்பெனியின் மேஜை.

இன்னொன்று சாதி. சுவார்ட்ஸ் காலத்துச் சபைகளில் சாதி வாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் இருந்தது. அதை அவர் மெதுவாக மாறட்டும் என்று விட்டு வைத்தார். கிளாரிந்தாவின் உறவு விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்தவர், சாதி விஷயத்தில் இவ்வளவு பொறுமையாக இருந்தது ஏன் என்ற கேள்வி நியாயமானதுதான். 1830-களில் பிஷப் வில்சன் இந்த வழக்கத்தை ஒழிக்க உத்தரவு போட்டபோது தஞ்சை சபையே இரண்டுபட்டது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இப்போது எங்கே பார்க்கலாம்?

திருச்சியில் தெப்பக்குளம் அருகே இருக்கும் கிறிஸ்து ஆலயம் சுவார்ட்ஸ் கட்டியது. பக்கத்திலேயே இருக்கும் பிஷப் ஹீபர் பள்ளியும் தன் வரலாற்றை அவருடைய பள்ளியில் இருந்துதான் தொடங்குகிறது. பிஷப் ஹீபர் 1826-ல் தஞ்சாவூரில் சரபோஜியைச் சந்தித்துவிட்டு, அங்கிருந்து திருச்சிக்கு வந்து, ஏப்ரல் 3-ம் தேதி குளிக்கப் போன இடத்தில் இறந்தவர். திருச்சி புனித ஜான் ஆலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. சுவார்ட்ஸ் இறந்து 28 வருஷம் கழித்தும் தஞ்சை, திருச்சி மக்கள் நடுவில் அவருக்கு இருந்த மரியாதையைப் பார்த்து ஹீபர் அசந்துபோனார்.

சுவார்ட்ஸின் கல்லறை தஞ்சாவூர் புனித பேதுரு ஆலயத்தில் இருக்கிறது. ஃப்ளாக்ஸ்மன் செதுக்கிய சிற்பம் அங்கே இல்லை. அதைப் பார்க்கப் பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்கா பக்கம் போக வேண்டும். 1779-ல் கட்டிய சின்ன சர்ச் ஒன்று அங்கே இருக்கிறது. பெரிய கோயிலுக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்புவதில்லை. உள்ளே பளிங்கில் ஒரு கிழவர் கட்டிலில் படுத்திருக்கிறார். தலைமாட்டில் கெரிக்கே நிற்கிறார், பக்கத்தில் பள்ளிக்கூடப் பையன்கள். கட்டில் ஓரமாக, தலைப்பாகையோடு ராஜ உடையில், அந்தக் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் சரபோஜி.